ஹாரனுக்குச் சொன்ன சொல்

ஜீப்பைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தபோது முதலில் இறங்கி வந்தது ஒரு சாரைப்பாம்பு. ஓட்டுநர் இருக்கையின் கிழிந்த பஞ்சுக்குள் குடியிருந்திருக்கிறது. என் தம்பி மண்வெட்டியை எடுத்து ஒரே போடில் அதை இரண்டாக்கினான். இரண்டு துண்டும் தனித்தனியாக வெகுநேரம் துடித்துக்கொண்டிருந்தன.

"சாரைதான மாமா, அது என்னா பண்ணுச்சு?" என்று என் மகள் கேட்டாள்.

"இந்த வண்டிக்குள்ள இருந்து எது வந்தாலும் அடிச்சிரணும் மருமகளே," என்று மண்வெட்டியைப் புல்லில் துடைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "எடுத்துட்டுப் போக்கா. பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் சரி, கழுவி வாசல்ல நிப்பாட்டி மாலை போட்டாலும் சரி. ஆனா ஓடக் கூடாது. ஓடுச்சுன்னா நான் பொறுப்பில்ல."

நாங்கள் சிரித்தோம். சக்கரமே சுற்றாத வண்டி அது. என்ஜின் இறுகிக் கல்லாகக் கிடந்தது.

அது எங்கள் அப்பாவின் பெட்ரோல் ஜீப். குரங்கணிக்கு மேலே எங்களுக்கு ஏலத்தோட்டம் இருந்த காலத்தில் ஆட்களை ஏற்றிப் போய் மூட்டைகளை இறக்கி வந்த வண்டி. அப்பா போனபின் மலைத்தோட்டம் கைமாறியது. அடிவாரத்து மாந்தோப்பும் வீடும் தம்பிக்கு வந்தன. ஜீப் கொட்டகையிலேயே நின்றது. கொட்டகையை இடிக்கப் போகிறான் என்று தெரிந்ததும் என் மகள் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக்கல் முதல் வருடம். தினமும் போடியிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறவள். "அத நாம ஓட வைப்போம்மா. நீயும் நானும். அப்பா வேண்டாம், அவரு ஒவ்வொரு போல்ட்டுக்கும் நல்ல நேரம் பாப்பாரு." என் கணவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கண்காணிப்பாளர். ஞாயிற்றுக்கிழமைதான் மலையிறங்குவார்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். மகள் சைக்கிள் பழகியபோது பின்னால் ஓடியே எனக்கு மூச்சிரைப்பு வந்தது. அவளைத் தனியாக விட முடியாது என்பதற்காகத்தான் நானும் பழைய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

பழைய வண்டியைச் சரிசெய்வது பொறுமையான வேலை, துடைப்பதும் பூசுவதுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். முழுக்க அடிதடியாக இருந்தது. துருப்பிடித்த போல்ட்டை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, உளி வைத்துத் தலையைப் பிளக்க வேண்டும். நசுங்கிய தகரத்தை உள்ளேயிருந்து சுத்தியலால் அறைந்து வெளியே தள்ள வேண்டும். பிஸ்டனை அசைக்க மரக்கட்டையை வைத்து அவள் அடித்த அடியில் தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. கை எலும்பு வரை அதிர்ந்தது. இரவு படுத்தாலும் காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும்.

எதிர்வீட்டு அண்ணன் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை வைத்திருக்கிறார். வாசலில் நின்று கேட்பார். "என்னா டீச்சர், பொம்பளப்புள்ளைக்கு நகநட்டு சேப்பாங்க. நீங்க நட்டு போல்ட்டு சேக்குறீக?"

"சீதனமாக் குடுப்போம்ண்ணே. மாப்ள தள்ளிட்டுப் போகட்டும்."

மகளுக்கு என் தமிழ் வகுப்பைக் கேலி செய்வதில் தனி இன்பம். "டீச்சரம்மா, ஒரு வண்டிக்கு மொத்தம் எத்தன அடி? பெயிண்ட் அடி, கிரீஸ் அடி, காத்து அடி, பெட்ரோல் அடி, செல்ப் அடி, ஹாரன் அடி. ஒரு சொல் பல பொருள்னு நடத்துவியே, இத எழுதிப் போடு. பசங்க மறக்க மாட்டாங்க."

நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சொல் பாடத்தில் வந்தால் பலகையில் எழுதுகிறேன். வாய்விட்டு வாசிப்பதில்லை.

என்ஜின் இளகிய பிறகு ஒரு மாலை. வண்டியின் மூக்கில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கை நீளத்துக்கு வளைந்த இரும்புத் தண்டு அது. பேட்டரி இல்லாத காலத்தில் அதைச் சுற்றித்தான் வண்டியை உயிர்ப்பிப்பார்கள். என்ஜின் பிடிக்காமல் எதிர்த்தால் ஹேண்டில் பின்னால் சுழன்று கையை அறையும். அன்று அறைந்தது. மணிக்கட்டு கண் முன்னால் வீங்கியது. நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் அந்த ஹேண்டிலை இடது கையில் பிடித்து ஜீப்பின் முன்கம்பியை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி, இரண்டு அடி இல்லை. பல்லைக் கடித்து, கண்ணில் நீர் வழிய, நிறுத்தத் தெரியாமல். கம்பி உள்ளே குழிந்துவிட்டது.

"பாப்பா! போதும்!"

நின்றாள். கம்பியைத் தடவிப் பார்த்தாள். "ச்சே, இதையும் நாமதான் நிமித்தணும்," என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

என் அப்பா ஊருக்குள் மரியாதையானவர். சண்டையென்றால் விலக்கிவிடப் போகிறவர். வீட்டில், ஜீப் கழுவவில்லை, பெட்ரோல் சிந்திவிட்டது, டயரில் காற்று இறங்கிவிட்டது என்று எது நடந்தாலும் தம்பியைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போவார். கொட்டகை ஆணியில் என்ஜினின் அறுந்த ஃபேன் பெல்ட் ஒன்று தொங்கும். அதை எடுத்துத்தான் அடிப்பார். நான் பெண்பிள்ளை, என்னைத் தொட மாட்டார். மலையிறங்கி வரும் ஜீப்பின் சத்தம் வளைவில் கேட்டாலே தம்பி காப்பிக்கொட்டை காயும் களத்தில் சாக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

அம்மாவால் குறுக்கே போக முடியாது. போன அன்று அம்மாவுக்கும் சேர்த்து விழும். அதனால் அம்மாவும் நானும் ஒரு வழி வைத்திருந்தோம். அடி தொடங்கியதும் நான் ஓடிப்போய் ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறிக்கொள்வேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று, "அடி! அடி தாயி!" என்று கத்துவாள். நான் ஹாரனை அழுத்துவேன். பக்கத்துத் தோப்பு ஆட்கள் என்னவோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஆள் வந்துவிட்டால் அப்பா பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு, "புள்ள வெளயாடுது" என்று சிரித்துக்கொண்டே வெளியே வருவார். ஹாரன் என்ற சொல்லை அவர் காதுபடச் சொன்னால் விஷயம் புரிந்துவிடும். அதனால் அம்மா வெறும் 'அடி' மட்டும்தான் சொல்லுவாள்.

ஒருமுறை நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். ஹாரன் அடிக்க ஆளில்லை. அன்று பெல்ட் இல்லை, ஹேண்டில். தம்பியின் முன்கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது அப்பா சொல்லிக்கொடுத்தார், "ஹேண்டில் திருப்பி அடிச்சிருச்சுன்னு சொல்லு." தம்பி அப்படியே சொன்னான். மருத்துவரும் நம்பினார். ஜீப் வைத்திருக்கும் வீடுகளில் நடப்பதுதானே.

இதையெல்லாம் நான் மகளிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக் கை அவளோடு வரக் கூடாது என்று அவள்மேல் ஒருநாளும் நான் கைநீட்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை ஜீப் ஓடியது. புது பேட்டரி, புது டயர், புது பிரேக். முகத்துக்கு மட்டும் பச்சைப் பெயிண்ட், பின்பக்கம் இன்னும் பட்டி பூசிய சாம்பல் நிறம். குரங்கணிச் சாலையில் போய்வந்தோம். மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். தம்பியின் மாந்தோப்பைத் தாண்டும்போது அவள் கியரை மாற்றினாள். அந்த இடத்தில் ஒரு சிறு ஏற்றம். அப்பாவும் அங்கேதான் கியர் மாற்றுவார். அதே முனகல், அதே உறுமல். என்னையறியாமல் தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தோப்பில் யாரையும் காணவில்லை.

வீட்டுக்கு வந்து நான் முகம் கழுவப் போனேன். மகள் இன்னும் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. தம்பியின் பைக் வந்து நின்றது. முன்னால் டேங்க் மேல் சம்மட்டியைக் குறுக்கே வைத்துப் பிடித்திருந்தான். வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

இறங்கி நேராக ஜீப்பிடம் நடந்தான். முதல் அடியில் இடது விளக்கு சிதறியது. இரண்டாவது, வலது விளக்கு. மூன்றாவது, முன்கண்ணாடி. சில்லுகள் மகளின் தலையிலும் மடியிலும் கொட்டின.

"மாமா!"

"எறங்கு மருமகளே. ஒன்னய ஒண்ணும் பண்ண மாட்டேன். எறங்கிரு."

"எறங்க மாட்டேன். இது எங்க வண்டி."

"ஒங்க வண்டியா?" பானெட்டில் ஓங்கி இறக்கினான். அவள் வாரக்கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்திய தகரம் காகிதம் போல மடங்கியது. "இதுக்கு அடி வாங்குனது யாரு? வண்டி யாருக்கு?"

நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். உதறினான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் விழுந்தேன். முழங்கை பிளந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். மூக்கு ஒழுகியது. "நான் பெல்ட்டுல வாங்கும்போது முன் சீட்டுல ஒக்காந்து ஹாரன் அடிச்சு வெளயாண்டவதானக்கா நீயி? இப்ப மகள ஒக்கார வச்சுட்ட. சத்தத்த மறுபடியும் கொண்டுவந்துட்டல்ல? இனிமே எங்க போயிப் படுக்க நானு?"

அவன் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனான். கதவில்லாத வண்டி. மகள் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்திருந்தாள். அவன் சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினான். ஸ்டீயரிங்குக்கா அவளுக்கா, தெரியவில்லை. எனக்குத் தெரு ஆட்கள் வேண்டும். யாராவது ஓடிவர வேண்டும். தரையில் கிடந்தபடி கத்தினேன்.

"அடி! அடி தாயி! அடி!"

ஹாரன் சத்தம் வரவில்லை. சம்மட்டி அந்தரத்தில் நின்றது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்படியொரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபமில்லை. ஏதோ ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை மறுபடி பார்த்ததுபோல. சம்மட்டி மெல்ல இறங்கத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் இருக்கைக்கு அடியிலிருந்து ஹேண்டில் வந்தது. அவனுடைய வலது காதுக்கு மேலே பட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அவன் உட்காருவதுபோல மடிந்து விழுந்தான். காதிலிருந்து ரத்தம் நூலாக வந்து, பிறகு நிற்காமல் வந்தது.

மகள் ஹேண்டிலைக் கீழே போடவில்லை. எதிர்வீட்டு அண்ணன்தான் ஓடிவந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

வேறு வண்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. அவரும் நானும் தம்பியைத் தூக்கி ஜீப்பின் பின்னால் கிடத்தினோம். மகளே ஓட்டினாள். கண்ணாடி இல்லாத முகப்பில் காற்று அடித்து, மிச்சச் சில்லுகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. தம்பியின் தலை என் மடியில் இருந்தது. துண்டை எவ்வளவு அழுத்தினாலும் நனைந்துகொண்டே வந்தது. பாதி வழியில் கண் திறந்தான். என்ஜின் சத்தத்தைக் கேட்டான். என் சேலைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு, "அக்கா, அப்பா வந்துட்டாருக்கா. என்னய எறக்கி விடு," என்றான்.

போடி ஆஸ்பத்திரியில் காவலர் ஒருவர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். மகள் முன்னால் வந்தாள். சட்டை முழுக்க ரத்தம். "சார், நான்தான்..."

"ஹேண்டில் திருப்பி அடிச்சிருச்சு சார்," என்றான் தம்பி. படுத்தபடி, கண்ணைத் திறக்காமல். சின்ன வயதில் சொன்ன அதே ராகத்தில்.

"பழைய வண்டியா? அப்பிடித்தான் அடிக்கும்," என்று அவர் எழுதிக்கொண்டார்.

அன்றே தேனிக்கு அனுப்பினார்கள். மண்டையோட்டில் விரிசல். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. தம்பி மனைவி என் பக்கத்தில் உட்காரவில்லை. தெருவில் நடந்ததெல்லாம் அவள் காதுக்குப் போய்விட்டது. "புள்ளைய ஏவி விட்டுட்டு இங்க வந்து என்னா அழுக? தமிழ் டீச்சருக்கு 'விடு'ன்னு ஒரு சொல்லு தெரியாதா? 'அடி'ன்னுதான் வாயில வந்துச்சோ?"

"ஹாரன அடிக்கச் சொன்னேம்மா."

"ஆமா, ஹாரனு. சொல்லுங்க, சொல்லுங்க."

என் கணவர் மலையிறங்கி வந்து யாரிடமும் எதுவும் கேட்காமல் தம்பிக்கு ரத்தம் கொடுத்தார். மகள் வெளியே படிக்கட்டில் கிடந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் ஹாரனத்தான் சொன்னேன் பாப்பா," என்றேன். எனக்காகச் சொன்னேனா அவளுக்காகச் சொன்னேனா தெரியாது.

"தெரியும்மா. கை ஸ்டீயரிங்குலதான இருந்துச்சு, அமுக்குனேன். வரல. காலைல தானா கத்துதுன்னு வயரக் கழட்டிப் போட்டேன், மறந்துட்டேன்." கொஞ்சநேரம் தன் கையையே பார்த்தாள். "மாமா நிறுத்திட்டாரு. நீ கத்துனதும் நிறுத்திட்டாரு. பாத்தேன். ஆனா கை போயிருச்சு. என்னால நிறுத்த முடியல. அன்னிக்கு பம்பர அடிச்சேன்ல, அது மாதிரி."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். 'உன் தப்பில்லை' என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் என்னை நம்பியிருக்க மாட்டாள். கொட்டகை, பெல்ட், ஹாரன், எல்லாவற்றையும் அந்தப் படிக்கட்டில் வைத்துத்தான் முதல்முறையாகச் சொன்னேன். கேட்டு முடித்தவள், "இதத் தெரிஞ்சிருந்தா அந்த வண்டியத் தொட்டே இருக்க மாட்டேன்மா," என்றாள்.

தம்பி பிழைத்தான். வலது காது கேட்காமல் போய்விட்டது. பேச்சு தெளிந்த பிறகு ஒருநாள் அவன் மனைவி இல்லாத நேரத்தில் நான் ஆரஞ்சு உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா மாதிரியே கத்துனக்கா," என்றான்.

"அம்மா எப்படா கத்துச்சு?"

"நான் வாங்கும்போதெல்லாம். அடுப்படி வாசல்ல நின்னு, 'அடி, அடி'ன்னு அவர ஏத்திவிடும்ல. அப்பா அடிச்சதுகூட ஆறிருச்சுக்கா. அது ஆறல."

சுளை என் கையிலேயே நசுங்கிவிட்டது. அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோது அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லுளிமங்கன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"டேய், அது எனக்குச் சொன்னதுடா. ஹாரன அடிக்கச் சொல்லும். ஆளு வந்தா அவரு விட்டுருவாருன்னு."

"சும்மா சொல்லாத."

"ஹாரன் அடிச்சதும் அவரு விட்டாரா இல்லியா?"

ஆரஞ்சுத் தோலை எடுத்து விரலில் உருட்டினான்.

"அடி தாயின்னு கத்தும். அடி தாயி. யோசிச்சுப் பாரு. அப்பாவப் போயி அம்மா தாயின்னு கூப்பிடுமாடா?"

அவன் உதடு அசைந்தது. சத்தமில்லாமல் அதைச் சொல்லிப் பார்த்தான். மறுபடி சொல்லிப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். போர்வை வெகுநேரம் குலுங்கியது. அவன் முதுகில் கை வைத்தேன். உதறவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் பல வாரம் கழித்து ஒருநாள் தம்பி தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்காமல் வெள்ளையாக இருந்தது. ஜீப் அப்படியே நின்றது, விளக்கும் கண்ணாடியும் இல்லாமல், மடங்கிய பானெட்டோடு. ஹேண்டிலை என் கணவர் எங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். மகள் அவனைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினாள்.

"மருமகளே, ஹாரன் வயர மாட்டிட்டியா?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கே மாட்டிட்டேன் மாமா. அது ஒண்ணுதான் தொட்டேன்."

அவன் ஜீப்பைச் சுற்றிவந்தான். குழிந்த முன்கம்பியில் விரலை வைத்தான். ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். எனக்குத் தெரிந்து அவன் அந்த வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உள்ளங்கையை ஸ்டீயரிங்கின் நடுவில் வைத்தான். உடனே அழுத்தவில்லை. மகளைப் பார்த்தான். அவள் இறங்கி வந்து, மற்ற பக்கம் ஏறி அவன் அருகில் உட்கார்ந்தாள். அடிபட்ட மணிக்கட்டை மடியில் மறைத்து வைத்திருந்தாள்.

அவன் அழுத்தினான். எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. நாய்கள் ஊளையிட்டன. எதிர்வீட்டு அண்ணன் கையில் ஏலக்காய் முறத்தோடு ஓடிவந்தார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெரு முக்கில் பால் ஊற்றுகிறவர் என்று எல்லோரும் வந்து ஓட்டுநர் பக்கம் கூடி நின்று, "யாருக்கு என்னா? என்னாச்சு?" என்று மாறி மாறிக் கத்தினார்கள். அவர்கள் நின்றது அவனுடைய வலது காதுப் பக்கம். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.